வாவிக்கரைக் கடிதங்கள் – 14: சொந்தக் காசில் கட்டிய கோயில்

மதராஸின் புரசைவாக்கத்தில் 1813ஆம் ஆண்டு ஒரு சிறிய கிறிஸ்தவக் கோயில் எழுந்தது. அதற்குப் பேராயர் எவரும் உத்தரவு கொடுக்கவில்லை. லண்டனில் எந்தச் சங்கமும் கட்டடச் செலவை ஏற்கவில்லை. தன் காசைப் போட்டுக் கட்டியவர் ஒரு தமிழர். சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, வெள்ளைக்காரர் வீட்டு ஊழியத்தில் வளர்ந்தவர். ஞானஸ்நானப் பெயர் வில்லியம் ராபர்ட்ஸ். அதற்கு முன்னிருந்த பெயர் திருவேங்கட வேளாளர் என்று சபையின் வரலாறு சொல்கிறது. அந்தக் கோயிலுக்கு அவரே குரு, அவரே கணக்குப்பிள்ளை, பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க ஏற்பாடு செய்தவரும் அவரே.

அதே ஆண்டின் கடைசி நாட்களில்தான், நாம் சில பகுதிகளாகப் பின்தொடர்ந்து வரும் மெதடிஸ்டு மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறையில் கப்பலேறினார். மனைவியைக் கடலில் பறிகொடுத்து, தலைவர் தோமஸ் கோக்கையும் கடலிலேயே அடக்கம் செய்துவிட்டு, 1814 ஜூன் 29இல் காலியில் இறங்கி, அங்கிருந்து மட்டக்களப்புக்கு வந்த கதையைப் பார்த்தோம். மட்டக்களப்பு வாவியின் கதையைச் சொல்ல வந்தவன் நடுவில் மதராஸுக்குத் தோணி விடுவானேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நம் பனிச்சங்கேணியில் இருந்து பார்த்தால் அது அப்படியொன்றும் அந்நிய ஊர் அல்ல. ஒரே வங்கக் கடலின் இன்னொரு கரை, அதே தமிழ், ஏறக்குறைய அதே காலம். ஆனால் நான் அங்கே போவதற்குக் காரணம் வேறு. ஓல்ட் எழுதிய கடிதங்கள் தம்மை அனுப்பிய சங்கத்துக்கு ஓர் ஊழியர் கொடுத்த அறிக்கைகள். ராபர்ட்ஸை யாரும் அனுப்பவில்லை. முகம் தெரியாத மனிதர்களுக்கு, தாமாக வலிய எழுதினார். பள்ளியும் கோயிலும் வைத்திருந்த ஒரு தமிழரின் குரல் அந்தக் காலத்து ஆங்கில ஏடுகளில் இவ்வளவு நேராகக் கேட்பது அரிது.

முதலில் இவர் எந்த வகைக் கிறிஸ்தவர் என்று சொல்லிவிட வேண்டும். யூனிட்டேரியன். கடவுள் ஒருவரே, அவர் பிதா ஒருவரே. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவம் வேதத்தில் இல்லாதது, பின்னால் வந்த சங்கங்கள் சேர்த்தது. இயேசு தேவனால் அனுப்பப்பட்ட போதகர், தேவன் அல்லர். இதுதான் அவர்களுடைய மதத்தின் சாரம். ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கத்து முஸ்லிம் வாசகருக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் ஐரோப்பாவில் இந்தக் கருத்துக்காக மனிதரை எரித்திருக்கிறார்கள். 1553இல் ஜெனீவாவில் மிகுவேல் செர்வேத்து எரிக்கப்பட்டார். இங்கிலாந்தில் மதக் கருத்துக்காகக் கடைசியாக எரிக்கப்பட்ட எட்வர்ட் வைட்மன் (1612) திரித்துவத்தை மறுத்தவர்தான். எரிப்பது நின்ற பிறகும் சட்டம் நின்றது. திரித்துவத்தை மறுப்பது இங்கிலாந்தில் குற்றமாகவே இருந்தது. அந்தத் தண்டனைச் சட்டத்தை நீக்கியது 1813இல் வந்த சட்டம். ராபர்ட்ஸ் புரசைவாக்கத்தில் கோயில் கட்டிய அதே 1813.

அந்த ஆண்டு லண்டன் பாராளுமன்றத்தில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயத்தைப் புதுப்பித்தபோது, மிஷனரிகள் இந்தியாவுக்குள் வருவதற்கு வழி திறந்துவிட்டார்கள். அதுவரை கம்பெனிக்கு மிஷனரி என்றாலே ஆகாது. அமெரிக்காவிலிருந்து வந்த அடோனிராம் ஜட்சனைக் கல்கத்தாவில் தங்க விடாமல் விரட்டினார்கள்; அவர் 1813 ஜூனில் மதராஸில் ஒரு கப்பலைப் பிடித்து ரங்கூனுக்குப் போனார். இன்னொருவர், சாமுவேல் நியூவெல், இலங்கைக்கு வந்தார். இலங்கை அப்போது கம்பெனியிடம் இல்லை, அரசரின் நேரடி ஆட்சியில் இருந்தது. அதனால் இங்கே கெடுபிடி குறைவு. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனுக்கு விதை விழுந்தது அப்படித்தான். ராபர்ட்ஸுக்கு இந்த அனுமதிச் சீட்டு எதுவும் தேவைப்படவில்லை. அவர் இந்த மண்ணின் ஆள். அவரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப ஓர் ஊர் இருக்கவில்லை.

அவருடைய இளமையைப் பற்றி அவர் கடிதங்களில் சொன்னதே நமக்குக் கிடைக்கும் சான்று. கர்நாடக தேசத்தில், அதாவது ஆற்காட்டு நவாபின் பேரில் நடந்த தமிழ்ச் சீமையில் பிறந்தவர். தாய் தந்தையரை இழந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தச் சீமை பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். 1780இல் ஹைதர் அலியின் படை மலையிறங்கி வந்தது, கிராமங்கள் எரிந்தன, பின்னாலேயே பஞ்சம். பிள்ளைகளை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இருந்த காலம். கடற்கரையில் அடிமை ஏற்றுமதியைத் தடுத்து கார்ன்வாலிஸ் 1789இல் பிரகடனம் செய்ய வேண்டியிருந்தது என்றால், அந்த வியாபாரம் எந்த அளவுக்கு நடந்திருக்க வேண்டும்? ராபர்ட்ஸ் அந்த வலையில் சிக்கியவர்.

வெள்ளைக்காரருடைய வேலைக்காரராக 1780களின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே ஆங்கிலத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். வேலைக்காரர் ஞானஸ்நானம் பெறுவது அந்தக் காலத்தில் புதுமையல்ல. அதன் பிறகு அவர் செய்ததுதான் புதுமை. கொடுத்த ஜெபப் புத்தகத்தை வாசித்தார். வாசித்ததும் குழம்பினார். ஒரு கடவுள் என்று சொல்லிக்கொண்டு மூவருக்கு ஜெபம் செய்கிற அந்த வரிகள் அவருக்குச் செரிக்கவில்லை. 1790களின் தொடக்கத்தில் இரண்டாம் முறை இங்கிலாந்து போனபோது, தியோபிலஸ் லிண்ட்சி, ஜோசப் பிரீஸ்ட்லி ஆகியோரின் எழுத்துகள் அவர் கைக்கு வந்தன. தன் சந்தேகத்தை ஏற்கெனவே சிலர் அச்சிலேற்றியிருக்கிறார்கள் என்று கண்டுகொண்டார்.

லிண்ட்சி யார்? யார்க்‌ஷயரில் நல்ல வருமானமுள்ள பங்கு ஒன்றில் குருவாக இருந்தவர். மனச்சாட்சி ஒப்பவில்லை என்று 1773இல் அதைத் துறந்துவிட்டு லண்டனுக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் எசெக்ஸ் தெருவில், பழைய ஏலக்கூடம் ஒன்றில், திருத்திய ஜெபப் புத்தகத்தை வைத்து ஆராதனை தொடங்கினார். பிரீஸ்ட்லியை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் என்று படிக்கிறார்கள். அவர் யூனிட்டேரியன் குருவாகவும் இருந்தார் என்பதை விஞ்ஞானப் புத்தகம் சொல்வதில்லை. 1791 ஜூலையில் பர்மிங்ஹாமில் ஒரு கூட்டம் அவருடைய வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் கொளுத்தியது. 1794இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஆக, ராபர்ட்ஸ் இந்தக் கொள்கையைக் கையிலெடுத்த நேரம் நல்ல நேரம் அல்ல. இங்கிலாந்திலேயே அதற்கு அடி விழுந்துகொண்டிருந்தது. ஒரு வேலைக்காரருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. எஜமானர்களின் கோயிலில் எஜமானர்களின் கடவுளை வணங்கிக்கொண்டிருந்தால் வாழ்க்கை சுலபமாகப் போயிருக்கும்.

மதராஸுக்குத் திரும்பினார். 1795ஆம் ஆண்டைத்தான் சபை தன் பிறப்பாண்டாகக் கொள்கிறது. கட்டடம் வந்தது அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து. நடுவில் என்ன நடந்திருக்கும்? ஊழியக்காரர்கள் சிலர் ஒருவர் வீட்டில் கூடி வேதம் வாசித்திருப்பார்கள். கட்டடம் எழுவதற்கு முன் ஒரு சபை எப்படி இருக்குமோ அப்படி இருந்திருக்கும் என்பதற்கு மேல் நான் கற்பனை செய்ய விரும்பவில்லை.

இடத்தைக் கவனியுங்கள். புரசைவாக்கத்துக்கு ஒரு பக்கம் வேப்பேரி. அங்கேதான் பப்ரீசியஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் இருந்து தமிழ் வேதாகமத்தைத் திருத்தி மொழிபெயர்த்தார். புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. 1761இல் புதுச்சேரியைப் பிடித்தபோது ஆங்கிலேயர் எடுத்துவந்த அச்சுப்பொறி அவர் கையில் போய்ச் சேர்ந்து, வேப்பேரி அச்சகம் ஆனது. பாவம், முதுமையில் கடனுக்காகச் சிறையிருந்துவிட்டு 1791இல் இறந்தார். அவர் தந்த வேதம் நம் கிழக்குக் கரையிலும் சுற்றியதுதான். ராபர்ட்ஸ் தன் கொள்கைக்குப் புதிய வேதம் எதையும் தேடவில்லை. பக்கத்துத் தெருவில் லுத்தரன்கள் அச்சடித்த அதே தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் திறந்து, இதில் எங்கே இருக்கிறது திரித்துவம் என்று கேட்டார். ஜெபப் புத்தகத்தை மட்டும் மாற்றினார். லிண்ட்சியின் வழியில் வந்த திருத்திய ஆராதனை முறையைத் தாமே தமிழில் பெயர்த்தார். ஜெபமெல்லாம் பிதாவை நோக்கி மட்டும். திரித்துவத்தை அறிக்கையிடும் அத்தனாசியு விசுவாசப் பிரமாணம் இல்லை. அவருக்குக் குருப்பட்டம் எவரும் கொடுக்கவில்லை. அவருடைய சபையார் அவரைக் குருவாக ஏற்றார்கள், அவ்வளவே.

மற்றொரு பக்கம் எழும்பூர். அங்கே ஆண் அனாதைப் பள்ளியில் 1789 முதல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் தலைமையாசிரியர். ஒருநாள் மலபார்ப் (அன்றைய ஆங்கில வழக்கில் தமிழ்ப்) பள்ளிக்கூடம் ஒன்றின் பக்கமாகப் போனபோது பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையை அதோடு சேர்த்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டதும் ‘மதராஸ் முறை’ என்ற பெயர் பரவியது. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கான பள்ளிகள் அந்த முறையில் நடந்தன. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறிப் போய் ஆங்கிலப் பெயரோடு திரும்பி வந்தன. மிஷன்காரர்கள் அதைப் பெரிய கண்டுபிடிப்பாக நமக்கே கொண்டுவந்து காட்டினார்கள். சிரிக்காமல் என்ன செய்வது.

ராபர்ட்ஸின் கோயிலோடு சேர்ந்த பள்ளிக்கூடம் அந்தச் சூழலில் ஒன்று. ஏழைப் பிள்ளைகளுக்கானது. அதன் அளவைப் பெரிதுபடுத்த வேண்டாம். மதராஸ் மாகாணத்தில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஆளுநர் தோமஸ் மன்ரோ 1822இல் கணக்கெடுக்கச் சொல்லி, 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் என்று வருகிறது; மக்கள்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல். ஆகவே எழுத்தறியாத இருளில் ஒரு விளக்கு என்ற மிஷன் அறிக்கை நடையெல்லாம் இதற்குப் பொருந்தாது. ஊழியக்காரர்களாகிய தம் சபையாரின் பிள்ளைகள் தாமே வேதத்தைத் திறந்து வாசித்துப் பார்த்து, சொல்லிக்கொடுத்ததை நம்பலாமா என்று முடிவு செய்ய வேண்டும். ராபர்ட்ஸே அப்படித்தான் தம் மதத்துக்கு வந்து சேர்ந்தார். வாசிக்கத் தெரியாதவன் யூனிட்டேரியனாக இருப்பது கஷ்டம்; அந்த மதத்தில் சடங்கும் குறைவு, பாட்டும் குறைவு, வாதம் அதிகம்.

இனிக் கடிதங்கள்.

மதராஸுக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். அலை உடைகிற இடத்தைத் தாண்ட ஆட்களுக்கு மசூலாப் படகு, கடிதங்களுக்குக் கட்டுமரம். கட்டுமரக்காரர் நனையாத கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு அலைக்குள் பாய்வார்களாம்; ஆள் மூழ்கி எழுந்தாலும் கடிதம் நனையாது. பிறகு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு லண்டன். ஓல்ட்டின் கூட்டத்தார் டிசம்பர் கடைசியில் புறப்பட்டு மே 21இல்தான் பம்பாயைப் பிடித்தார்கள் என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு கேள்விக்குப் பதில் வர ஓராண்டு. பதில் எழுத அவர்களுக்கு நேரம் கிடைக்காவிட்டால் இரண்டு.

ராபர்ட்ஸ் எழுதியது லண்டன் எசெக்ஸ் தெருவில் லிண்ட்சியின் இடத்துக்குப் பின்னாளில் வந்த தோமஸ் பெல்ஷமுக்கும், அங்குள்ள யூனிட்டேரியன் சங்கத்தாருக்கும். தன் வாழ்க்கை, தான் இந்தக் கொள்கைக்கு வந்த விதம், கோயில், சபையார், பள்ளி, தேவைப்படும் புத்தகங்கள் எனத் தொடங்கிய கடிதங்கள் பல ஆண்டுகள் போயின. 1810களின் பிற்பகுதியில் லண்டனில் அவற்றை அச்சடித்தார்கள்; ராபர்ட் ஆஸ்ப்லண்ட் 1806இல் தொடங்கிய ‘மன்த்லி ரிப்பாசிட்டரி’ என்ற மாத இதழிலும் அவரைப் பற்றிய செய்திகள் வந்தன. சிறு உதவித்தொகையும் புத்தகங்களும் வரத் தொடங்கின.

லண்டனில் அவருக்கு ஏன் இவ்வளவு வரவேற்பு? அன்பு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பாப்டிஸ்டுகளும் மெதடிஸ்டுகளும் உலகின் மூலை முடுக்கெல்லாம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யூனிட்டேரியன்கள் படித்தவர்கள், பணம் உள்ளவர்கள், ஆனால் மிஷன் வேலையில் ஒன்றும் செய்யாதவர்கள். உங்கள் மதம் வரவேற்பறை மதம், அது ஏழையைத் தொடாது என்று மற்றவர்கள் குத்திக்காட்டினார்கள். அந்த நேரத்தில் மதராஸிலிருந்து ஒரு முன்னாள் அடிமை, எவரும் வந்து போதிக்காமல், தானே வாசித்து இந்த முடிவுக்கு வந்தேன் என்று எழுதுகிறார். அதைவிட நல்ல பதில் வேறென்ன இருக்கிறது? அவருடைய கடிதங்களை அச்சடித்தவர்கள் தங்களுக்கு வேண்டியதையும் சேர்த்தே அச்சடித்தார்கள். அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரர் வீடுகளில் ஆயுளைக் கழித்தவருக்கு, அவர்கள் எதைக் கேட்க விரும்புவார்கள் என்ற அறிவு இல்லாமலா போகும்?

இதை இன்னும் தெளிவாகப் பார்க்க வடக்கே கல்கத்தாவுக்குப் போக வேண்டும். அங்கே ஒருவர் எல்லா வசதிகளோடும் இதே வேலையைத் தொடங்கினார்.

வில்லியம் ஆடம் 1796இல் ஸ்கொத்லாந்தின் டன்ஃபர்ம்லினில் பிறந்தவர். பாப்டிஸ்டு மிஷனரியாக 1818இல் வங்காளம் வந்தார். சமஸ்கிருதமும் வங்க மொழியும் கற்றார். புதிய ஏற்பாட்டை வங்க மொழியில் திருத்துகிற வேலையில் வில்லியம் யேட்ஸ் என்ற சக மிஷனரியும் ராஜாராம் மோகன் ராயும் கூட இருந்தார்கள். யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் வசனத்தில், எல்லாம் அவர் ‘மூலமாய்’ உண்டாயிற்று என்பதா, அவர் ‘ஆலே’ உண்டாயிற்று என்பதா என்று வாக்குவாதம் வந்தது. ‘மூலமாய்’ என்றால் இயேசு ஒரு கருவி, படைத்தவர் வேறொருவர். யேட்ஸ் பின்வாங்கினார். ஆடம் ராம் மோகனின் பக்கம் நின்றார். 1821இல் தாம் யூனிட்டேரியன் ஆகிவிட்டதாக அறிவித்தார். பாம்பின் பேச்சைக் கேட்டு ஆதாம் இரண்டாம் முறை விழுந்தான் என்று கல்கத்தா வெள்ளைக்காரர்கள் கேலி பேசினார்கள்.

அதே ஆண்டு செப்டெம்பரில் கல்கத்தா யூனிட்டேரியன் குழு அமைந்தது. அதன் பட்டியலைப் பாருங்கள்: உச்ச நீதிமன்ற பாரிஸ்டர் தியடோர் டிக்கன்ஸ், ஒரு பெரிய வியாபாரக் கம்பெனியைச் சேர்ந்த ஜார்ஜ் கார்டன், ராம் மோகன், துவாரகநாத் தாகூர், பிரசன்ன குமார் தாகூர். பணம் இருந்தது, செல்வாக்கு இருந்தது, அச்சகம் இருந்தது. பாப்டிஸ்டு மிஷன் அச்சகம் மறுத்ததால், ராம் மோகன் தம் மூன்றாவது மறுப்பு நூலை 1823இல் சொந்த அச்சகத்திலேயே அச்சடித்தார். ஆங்கிலப் பள்ளி ஒன்றும் நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஹார்வர்ட் பேராசிரியர் ஹென்றி வேர் நீண்ட கேள்விப் பட்டியல் ஒன்றை அனுப்பினார்: இந்தியாவில் கிறிஸ்தவம் எவ்வளவு பரவியிருக்கிறது? மதம் மாறியவர்கள் எப்படிப்பட்டவர்கள்? யூனிட்டேரியன்களால் இங்கே என்ன செய்ய முடியும்? ஆடமும் ராம் மோகனும் எழுதிய பதில்கள் 1824இல் மசாசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் புத்தகமாக வந்தன. மற்ற மிஷன்களின் மதமாற்றக் கணக்கெல்லாம் எவ்வளவு ஊதிப் பெருக்கப்பட்டது என்று ஆடம் அதில் தயவில்லாமல் எழுதினார். உள்ளேயிருந்து வந்தவருக்குத்தானே அது தெரியும்.

ஆனால் அந்தச் சபை நிற்கவில்லை. கல்கத்தாவின் வெள்ளைக்கார யூனிட்டேரியன்கள் பேருக்கு ஆதரித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ராம் மோகனின் நண்பர்களுக்கு ஓர் ஆங்கிலப் பிரசங்கத்தைக் கேட்பதைவிட உபநிடதத்தைக் கேட்பது இயல்பாக இருந்தது. 1828 ஆகஸ்டில் ராம் மோகன் பிரம்ம சபையைத் தொடங்கியதும் ஆடமின் பிரசங்க மேடை வெறுமையாகிவிட்டது. மேலிருந்து இறக்கிய சபை அது. அதில் ஊழியக்காரர் இல்லை. கோயில் மூடினால் போவதற்கு வேறிடம் இல்லாதவர்கள் அதில் இல்லை. புரசைவாக்கத்தில் இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். கல்கத்தாக் குழு மதராஸோடும் கடிதத் தொடர்பு வைத்திருந்தது. எது நிலைக்கும் என்று அந்த நேரத்தில் எவரைக் கேட்டிருந்தாலும் கல்கத்தாவைத்தான் காட்டியிருப்பார்கள்.

குருவாகத் தோற்ற ஆடம் பள்ளிகளைத் தேடிப் போனதுதான் அவருடைய பெரிய காரியம். 1835இல், மெக்காலே ஆங்கிலக் கல்விக்காகத் தம் பிரசித்தி பெற்ற குறிப்பை எழுதிக் கொடுத்த அதே ஆண்டில், கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு ஆடமிடம் வங்காளத்தின் சுதேசிக் கல்வியை ஆராயச் சொன்னார். 1835, 1836, 1838 என மூன்று அறிக்கைகள். வங்காளத்திலும் பீகாரிலும் ஒரு லட்சம் கிராமப் பள்ளிகள் இருக்கலாம் என்ற மதிப்பீடு முதல் அறிக்கையில் வந்தது. 1931இல் காந்தி லண்டனில் பேசியபோது, பிரிட்டிஷார் அழகிய மரத்தின் வேரைத் தோண்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டதில் மரம் பட்டுப்போயிற்று என்று சொன்னதும், அதன்மேல் ஆங்கிலக் கல்வியாளர் பிலிப் ஹார்ட்டாக் அவரோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியதும் இந்த எண்ணை வைத்துத்தான். பின்னால் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலும் இதே அறிக்கைகளையும் மன்ரோவின் கணக்கையும் தூசு தட்டி எடுத்ததுதான்.

எனக்கு அந்த ஒரு லட்சத்தைவிட இரண்டாம் அறிக்கை முக்கியம். நாட்டோர் என்ற வட்டாரத்தில் ஆடம் 485 கிராமங்களை விரிவாக ஆராய்ந்தார். தொடக்கப் பள்ளிகள் 27தான் இருந்தன. ஆனால் 1,588 குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எழுத்துச் சொல்லிக்கொடுத்தன. பள்ளிக்கூடத்தை மட்டும் எண்ணியிருந்தால் இவர்கள் கணக்கில் வந்திருக்கவே மாட்டார்கள். நம் பக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓல்ட் எட்டு மாதத்தில் எட்டுப் பள்ளிகளைத் திறந்தார் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. அதற்கு முன் வாவிக்கரையில் எழுத்தே இல்லை என்பது போன்ற தொனியும் அதில் உண்டு. கூத்து ஏட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்த அண்ணாவியாரையும், வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரையை ஏடு பிரித்துப் படித்தவரையும் எந்தப் பட்டியலில் சேர்ப்பது? வாகரைப் பக்கம் ஓர் ஆடம் வந்திருந்தால் கேட்டிருப்பார்.

அவருடைய பரிந்துரைகளை அரசு ஏற்கவில்லை. 1838இல் ஆடம் இந்தியாவை விட்டு அமெரிக்காவுக்குப் போனார். ஹார்வர்டில் சிறிது காலம் கீழைத்தேய இலக்கியப் பேராசிரியர், பிறகு நார்த்தாம்ப்டனில் ஒரு கூட்டுவாழ்வுச் சமுதாயத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், டொரோண்டோவில் 1845இல் அமைந்த யூனிட்டேரியன் சபையின் முதல் குரு, சிக்காகோவிலும் பணி. கடைசியில் யூனிட்டேரியன் கொள்கையையும் விட்டுவிட்டார். இவ்வளவு இடம் மாறிய மனிதர் என்று குறை சொல்லலாம். இடையில் 1840இல் அவர் வெளியிட்ட ஒரு நூலுக்காக நான் அவரை மன்னித்துவிடுவேன். பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமைமுறையின் சட்டமும் வழக்கமும் பற்றி, அடிமை ஒழிப்புக்காகப் போராடிய தோமஸ் ஃபோவெல் பக்ஸ்டனுக்கு எழுதிய கடிதங்களாக அமைந்த நூல் அது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளை விடுவித்துவிட்டோம் என்று பெருமை பேசிய பிரிட்டனிடம், உங்கள் இந்திய ஆட்சியின் கீழ் அடிமைகள் இருக்கிறார்கள், உங்கள் நீதிமன்றங்கள் அதை ஒப்புக்கொள்கின்றன என்று காட்டினார். 1843இல் இந்திய அடிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் தலைமை நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் தூண்டுதலால் 1816 ஆகஸ்ட் 12க்குப் பின் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று உடைமையாளர் பலர் ஒப்பியிருந்தார்கள். முழுத் தடை 1844இல் வந்தது.

ராபர்ட்ஸ் 1843, 1844இன் இந்த இரண்டு சட்டங்களையும் பார்க்கவில்லை. ஆடம் கப்பலேறிய அதே 1838இல் மதராஸில் காலமானார். விற்கப்பட்டு வளர்ந்தவர் தம் கடிதங்களில் அந்த விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. ஒரு சபையைப் பற்றியும் ஒரு புத்தகப் பெட்டியைப் பற்றியும் எழுதினார். லண்டன்காரர்கள் அதைப் பணிவு என்று பாராட்டினார்கள். எனக்கு அது வேலை தெரிந்தவரின் கணக்காகப் படுகிறது. அனுதாபம் ஒரு கப்பலில் வந்து தீர்ந்துபோகும். புத்தகமும் பள்ளிச் செலவும் ஆண்டுதோறும் வேண்டும்.

சபை அவருடைய மகனிடம் போனது. மகன் பெயரும் வில்லியம் ராபர்ட்ஸ். லண்டனில் 1825இல் அமைந்த பிரிட்டிஷ், அந்நிய யூனிட்டேரியன் சங்கத்தின் ஏடுகளில் மதராஸ் என்ற பெயர் தொடர்ந்து வருகிறது. கல்கத்தாவில் ஆடமின் சபை கலைந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு, 1855இல், போஸ்டனிலிருந்து சார்ல்ஸ் டால் என்ற அமெரிக்கர் கல்கத்தா வந்து, பிரசங்கத்தைவிடப் பள்ளிகளில் அதிகமாக உழைத்து, 1886இல் அங்கேயே இறந்தார். அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர்களில் வடகிழக்கு இந்தியாவின் காசி மலைப்பகுதி இளைஞர் ஹாஜோம் கிசோர் சிங் ஒருவர். மெதடிஸ்டு மிஷன் சூழலில் வளர்ந்து, ராபர்ட்ஸைப் போலவே தனியாக வாசித்துத் திரித்துவத்தை விட்டவர். டால் இறந்த பிறகு அவர் அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்த ஜபெஸ் சண்டர்லாந்துக்கு எழுதினார். 1887 செப்டெம்பர் 18இல் அந்த மலைப்பகுதியின் ஜோவாய் ஊரில் அவருடைய சபை கூடியது. புரசைவாக்கத்துக் கோயிலுக்கும் ஜோவாய்க்கும் இடையில் ஏறக்குறைய எழுபத்தைந்து ஆண்டு இடைவெளி. இரண்டும் இன்றும் இயங்குகின்றன. சண்டர்லாந்து 1890களில் இந்தியா வந்தபோது கண்டதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.